பானெட்டுக்கு உள்ளே அடித்த பெயிண்ட்

கார் பெயிண்டர் என்றால் வெளியே பளபளவென்று அடித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவன் என்றுதான் ஊரில் நினைப்பு. இன்ஜினைச் சுற்றியிருக்கும் அந்தப் பொந்துக்குள் தலையை விட்டு, மூக்கில் மண்ணெண்ணெய் வாடையும் முதுகில் பிடிப்புமாக வெளியே வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் பங்காளிகள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சின்னப் பெயிண்டிங் பட்டறை இருந்தது. தகரம் தட்டி ஒட்டுப்போடும் டிங்கர் வேலைக்கு ரங்கண்ணன் கூட இருந்தார். சுப்பிரமணி என்கிற டிரைவர், கையிலிருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய கிழட்டு அம்பாசிடரை ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் மாச வாடகைக்குக் கார் கேட்டிருந்தார்கள். அது கிடைத்தால் சொந்த வண்டிக்காரர். கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி இன்னொருத்தரிடம் சம்பள டிரைவர்.

அந்த மில் முதலாளிக்கு மிஷின் பைத்தியம். வண்டியின் வெளியழகைப் பார்க்கமாட்டார், நேராகப் பானெட்டைத்தான் திறப்பார். அதனால் உள்ளே மட்டும் அடித்துக்கொடுங்கள், வெளியே கைவைக்க வசதியில்லை என்றார் சுப்பிரமணி. இன்ஜினை இறக்கிவைத்துச் செய்யவும் வசதியில்லை. அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்க, சுற்றி வேலை செய்ய வேண்டும்.

காரைப் பூச்சு

வண்டி அதற்கு முன் சிமெண்ட் ஆலை இருக்கும் மதுக்கரைப் பக்கம் ஓடியது. சிமெண்ட் தூசியும் இன்ஜின் ஆயிலும் மழைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே விரல் கனத்துக்குச் சுவரில் பூசிய மாதிரி காரை பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, உடைந்த ஹேக்ஸா பிளேடால் சுரண்டினோம். கை கொப்பளித்ததுதான் மிச்சம். கடைசியில் ரங்கண்ணன் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து சுப்பிரமணியிடம் நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க, இதைக் காருன்னு சொல்லி வாங்குனீங்களா, ஊடுன்னு சொல்லி வாங்குனீங்களா?"

பனியன் துணி

சுப்பிரமணியின் மனைவி மரகதம், பம்ப் கம்பெனியில் பம்புகளுக்கு பிரஷ்ஷால் பெயிண்ட் அடிக்கிறவர். கூலி கொஞ்சம் குறையட்டுமென்று, ஷிப்ட் முடிந்ததும் பட்டறைக்கே வந்துவிடுவார். என் வேலையில் இன்னொருத்தர் கைவைத்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

துடைக்க வைத்திருந்த திருப்பூர் பனியன் வேஸ்ட்டிலிருந்து கலர் கலராகக் கிழித்தெடுத்தார். நான் கழற்றிய ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு, அது மாட்டியிருந்த இடத்தில் அதே கலரில் இன்னொரு துண்டு என்று கட்டிக்கொண்டே வந்தார். வேண்டுதல் மரம் மாதிரி ஆக்கிவிட்டீர்களே என்று கிண்டல் செய்தேன். வயரைத் திரும்ப மாட்டித்தர வேண்டிய எலக்ட்ரீசியன் அந்தப் பக்கமாக வந்தவர் எட்டிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"இனி என்னைய எதுக்குங்க கூப்படறீங்க? கண்ணிருக்கற யாரு வேணாலும் மாட்டிப்போடலாமுங்க."

பேட்டரித் தட்டு

காரைக்கு அடியில் தகரம் கல்லு மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கே அதைக் காப்பாற்றியிருந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் பேட்டரி உட்காரும் தட்டில் கம்பி பிரஷ்ஷை வைத்ததும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. ஆசிட் தின்றுவிட்ட துரு. சுப்பிரமணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மில் வாடகை போச்சு, வண்டி போச்சு என்று புலம்பினார். அந்த மனுஷனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. மரகதம் ஓட்டைக்குள் விரலைவிட்டுப் பார்த்துவிட்டு ரங்கண்ணன் பக்கம் திரும்பினார்.

"தட்டு ஓட்டையாப்போச்சுன்னு சோறாக்கறதை நிறுத்துவாங்களாங்கண்ணா? ஒரு தகரத்தை வெட்டி ஒட்டுப்போடுங்க."

கருப்பு வேண்டாம்

ஒட்டுப் போட்டு, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடும் அடித்தாயிற்று. பானெட்டுக்கு உள்ளே கருப்புத்தான் அடிப்போம். அழுக்கும் தெரியாது, ஆயில் கசிந்தாலும் தெரியாது. நம் பிழைப்பே அதில்தானே ஓடுகிறது, பங்காளிகளே. மரகதமோ கருப்பே வேண்டாம் என்றார். என்னிடம் மிச்சம் மீதி கிடந்த டப்பாக்களைக் கலந்து வெளிர் சாம்பல் நிறம் ஒன்றை உண்டாக்கினார். முதலாளி பார்க்கும் நேரத்தில் ஒரு சொட்டுக் கசிந்தால் தொலைந்தோம் என்று சுப்பிரமணி நடுங்கினார். நானும் அவர் கட்சிதான்.

மரகதம் அடிக்க ஆரம்பித்துவிட்டார். என் ஸ்ப்ரே கன் எட்டாத மூலையெல்லாம் அவர் பிரஷ் போய்வந்தது. பிரஷ் ஓடிய தடமே இல்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கைகூப்பவும் தோன்றியது. எங்கள் பயத்துக்குத் தலையை வெளியே எடுக்காமலே பதில் சொன்னார்:

"கசிஞ்சாத் தெரியட்டுமுங்கண்ணா. தெரியாமக் கசிஞ்சா நடுரோட்டுல நிக்கப்போறது இவருதானுங்களே."

மில் வாசல்

வண்டியைக் காட்டப் போன அன்று மரகதத்துக்கு ஷிப்ட். என் பட்டறையின் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் சுப்பிரமணியுடன் போனேன். முதலாளி வந்தார், பானெட்டைத் திறந்தார், குனிந்தார். ஸ்டீயரிங் பாக்ஸுக்குக் கீழே, அந்த வெளிர் சாம்பல் மேல், மெல்லிசாக ஒரு எண்ணெய்க் கோடு. முதலாளி விரலால் தொட்டுப் பார்த்துச் சுப்பிரமணியிடம் கேட்டார்.

"இதென்னங்க?"

"ஆயிலுங்க. நேத்துச் சாயங்காலம் எங்க ஊட்டுக்காரி தொடச்சுப் பார்த்தப்ப இல்லீங்க. இன்னைக்குத்தான் வந்திருக்குது. சீல் மாத்தோணுமுங்க."

"கருப்பு அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"எங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. அதுக்குத்தான் கருப்பு வேண்டாம்னு சொல்லி அவளே அடிச்சா."

முதலாளி மறுபடி குனிந்து மூலை மூலையாகப் பார்த்தார். பானெட்டை அவரே மெதுவாக இறக்கி மூடினார்.

"வண்டி இங்கயே ஓடட்டுமுங்க. ஆனா மாசம் ஒருக்கா அந்த அம்மணி வந்து பானெட்டைத் தொறந்து பார்த்துப்போட்டுப் போகோணும். நீங்க ஓட்டுனாப் போதும்."

அதற்குப் பிறகும் நான் மற்ற வண்டிகளுக்குக் கருப்புத்தான் அடித்தேன், எல்லா டிரைவருக்கும் மரகதம் மாதிரி சம்சாரம் வாய்த்துவிடுகிறதா என்ன.