அக்கா சொன்ன சொல்

போர்க்காலத்தில் ஒருநாள், கிரானிலிருந்து சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய், மட்டக்களப்பு எழுத்தாளர் கூட்டத்தில் என் முதல் கதையை வாசித்தேன்.

“நீளம் கூட, தங்கச்சி. ‘வட்டைக்குப் போன மனிசன் வரல்ல’ எண்டா வெளியூராக்களுக்கு விளங்காது. ‘வயல்’ எண்டு மாத்துங்க, போடுறன்” என்றார் ஒரு பத்திரிகை ஆசிரியர். சிலர் சிரித்தார்கள்.

அது, காணாமல்போன கணவனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த பக்கத்து வீட்டு அக்காவின் வாக்கியம்.

“நீளத்தக் குறைக்கிறன் சேர். அவ சொன்ன சொல்ல மாத்தமாட்டன்” என்றேன்.

“அப்ப போடேலா.”

வீடு திரும்பிக் கதையில் பாதியை வெட்டினேன். அதில் அவர் சொன்னது சரிதான். பிறகு வேறொரு சிற்றிதழ் அதை வெளியிட்டது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நான் சொன்ன மாதிரியே இரிக்கி புள்ள” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்றும் யார் குறை சொன்னாலும் கேட்கிறேன், திருத்துகிறேன். ஒருவர் தந்த சொல்லை மட்டும் அவரைக் கேட்காமல் மாற்றுவதில்லை.