பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டையில் இருப்பவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரைத் தெரியாது என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அவருடைய நற்குணங்களை மட்டும் அடுக்க எனக்குக் கை வரவில்லை.

அக்கா திருத்தணியில் ஒரு நெசவுக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நைனா தவறியபோது அவர் எட்டாம் வகுப்பு, நான் ஒன்றாம் வகுப்பு. அவர் பள்ளியை விட்டு விசைத்தறிக் கூடத்துக்குப் போனார். நான் படித்து அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவரும் அவர்தான். தனக்கு வரன் பார்க்க யாரையும் அவர் விட்டதில்லை.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போன பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில், விளையாட்டு ஆசிரியை ஒருவர் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் வேடிக்கை பார்த்த அக்கா, மறுவாரம் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

முதல் மாதம் பந்து அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. உள்ளங்கையால் அறையாதீர்கள், விரல்களால் தள்ளுங்கள், பந்தைப் பார்க்காமல் எதிரே பாருங்கள் என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே இருப்பாராம். இழை அறுந்தால் தறிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவர் அக்கா. பந்து தரையில் படும் ஓசையையும் அப்படியே காதால் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் குனிந்து பார்க்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை மட்டும் மாற்றித் திரும்பும் பாடத்தை, சமையலறையில் பருப்பு டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு பழகினார். போகிற வருகிற நான் தலையில் அடித்துக்கொள்வேன். அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மாதிரி கேட்கிறார்கள் என்றும் சொன்னேன். உண்மையில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. தறியில் பூட்டிய பாவோ நூலோ காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். பந்து காலில் பட்டாலும் அவர் அதையே செய்தார். ஆட்டத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை என்று ஆசிரியை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம்.

அரக்கோணத்துப் பெண்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வைத்தார்கள். என் அலுவலக நண்பர் இழுத்ததால் நானும் போய்ச் சுவரோரம் நின்றேன். கடைசி நிமிடத்தில் எங்கள் ஊர் ஒரு கூடை பின்தங்கியிருந்தது. பந்து அக்கா கைக்கு வந்தது. நிமிர்ந்த தலையோடு தட்டிக்கொண்டே நன்றாகத்தான் ஓடினார். கூடைக்கு அருகில் பந்து அவர் காலில் பட்டு உருண்டது. ஓடிப் பிடித்தார். பிடித்தவர் கூடையைப் பார்க்காமல் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் எதிரணிப் பெண் பந்தைத் தட்டிவிட, அது என் பக்கமாக வெளியே ஓடியது. மைதானமே சிரித்தது.

“யாருங்க அந்தம்மா, பந்துக்கு பூஜை பண்ணிகினு கீறாங்க?” என்றார் நண்பர்.

“தெர்லங்க. நம்ம பக்கம் இல்ல போல” என்றேன்.

பந்தை எடுக்க வந்த அக்கா நாலடி தூரத்தில் குனிந்திருந்தார். பந்தோடு திரும்பிப் போய்விட்டார். அன்று மாலை எனக்குத் தோசை வார்த்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் அவர் காதில் விழுந்திருக்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போல மைதானத்துக்குப் போனார்.

சில மாதங்கள் கழித்து, தறிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

வீட்டில் கிடத்தியிருந்தபோது, விளையாடும்போது போடும் நீலப் பனியனோடு ஒன்பது பெண்கள் மாலை கொண்டுவந்தார்கள். ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் என்ன உறவு என்று கேட்டார். தம்பி என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அன்னிக்கி மேட்ச் முடிஞ்சதும் உங்கள காட்டி, ஜாடை ஒரே மாதிரி கீதே, சொந்தமா அக்கானு கேட்டோங்க. ‘அவரு யாரோமா, எனக்குத் தெரியாது’ன்னு சொன்னாங்களே.”

சுவரோரம் நான் சொன்னது அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகும் தம்பியின் பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அவரும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வெட்கம் இருந்திருக்காது.

அக்காவை மடியில் தாங்கி ஆட்டோவில் கொண்டுபோன தறிக்கூட உரிமையாளருக்கும், ஆட்டோ ஓட்டிய அண்ணனுக்கும், நகரியிலிருந்து வந்து பதினாறு நாளும் கூட இருந்த மாமன் மகன் பாவா குடும்பத்துக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அக்காவைப் பார்த்து ஒரு நாளும் வெட்கப்படாத அந்த ஒன்பது பெண்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மைதானத்தில் என் பக்கத்தில் நின்ற நண்பருக்கும் இந்த மலர் போய்ச் சேரும். ஐயா, அன்று “யாருங்க அந்தம்மா” என்று கேட்டீர்களே, அவர் என் அக்கா.