விடியக்காலைப் பச்சை

என் கண்ணில் பிழை இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். நான் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தபடி பட்டுச் சேலைகளில் பூவும் இலையும் தீட்டுபவள். சாயங்களை யோகட் கோப்பைகளில் ஊற்றி வைப்பேன். பெயர் எழுதி ஒட்டுவதில்லை. பார்த்தால் தெரியாதா என்ற திமிர்.

"இதென்னப்பா, மாவிலையெல்லாம் மண்ணிறமாக் கிடக்கு?" என்றார். எனக்கு அது பச்சை என்றே பட்டது.

வலக்கண்ணை அசைத்தால் வலித்தது. இடக்கண் சிறு வயதிலிருந்தே மங்கல். நான் நம்பியிருந்தது வலக்கண் ஒன்றைத்தான்.

பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வரும் வீக்கம்) என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்று நாள் ஸ்டீரொய்ட் (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள்.

"பார்வை வரும், பயப்பிடாதேங்கோ. நிறம் முழுசா வருமெண்டு இப்ப சொல்ல ஏலாது," என்றார் டொக்டர்.

பார்வை வந்தால் போதும் என்றார்கள் வீட்டில். எனக்குப் போதவில்லை. பச்சை இல்லாமல் நான் எதைத் தீட்டுவது? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் வெயிலில் தெஹிவளையில் தங்கை வீட்டில் போய் இருந்தேன். பின்பக்கம் அவளது தோட்டம்: வாழை, ஜம்பு மரம், ஒரு பெரிய ஈரப்பலா மரம். எழுத்துகள் மெல்லத் தெளிந்தன. இலைகள் மட்டும் சாம்பலாகவே நின்றன.

ஒரு விடியலில் அரைத் தூக்கத்தோடு கதவைத் திறந்தேன். வாழைக் குருத்து பச்சையாக இருந்தது. ஈரப்பலா அதைவிடக் கறுத்த பச்சை. முற்றத்து வெளிச்சமே பச்சையில் நனைந்து மிதந்தது. நான் கனவு காண்கிறேன் என்று நினைத்தேன். பிறகு கடதாசியும் தூரிகையும் எடுத்து வந்து, முகம் கழுவாமலே தீட்டினேன்.

பத்து மணிக்கு எல்லாம் வெளிறிப் போனது. நோய் திரும்பிவிட்டது என்று உயிரே போய்விட்டது. டொக்டருக்கு அழைத்தேன்.

"உடம்பு சூடாகினா, புண்பட்ட நரம்பு கொஞ்சம் களைக்கும். நிழலில இருங்கோ. நாளைக்கு வந்து காட்டுங்கோ," என்றார்.

மறுநாள் பார்த்துவிட்டு, நோய் திரும்பவில்லை என்றார். ஃபேனுக்குக் கீழ் இருந்தால் நிறம் வந்தது. வெயிலில் இறங்கினால் போனது. உங்களுக்கும் இப்படி நடந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், என்னைப் போல் முதலில் ஒப்பாரி வைக்காதீர்கள்.

இப்போது வெயில் ஏறுமுன் தோட்டத்தில் இருந்துவிடுகிறேன். என் வாழ்நாளில் இவ்வளவு பச்சைகளை நான் கலந்ததில்லை.

"எங்கட வாழை இவ்வளவு பச்சையே, அக்கா?" என்று தங்கை படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம், ஆறு மணிக்கு."

"பத்து மணிக்கு?"

"பத்து மணிக்கு அது உனக்குப் பச்சை. எனக்கு இனி நாளைக்குத்தான்."