கோயமுத்தூர்க் கேஸ்கட்

அர்த்தநாரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கல்யாணப் பந்தியில். எல்லாரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். ஓர் இலை மட்டும் போட்டபடியே கிடந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு என் மாமியார், "அது அர்த்தநாரிக்கு. தண்ணி கடமடை சேராம இஞ்சினை உட்டுட்டு வரமாட்டான்" என்றாள்.

எனக்கு அவர் கொழுந்தன் முறை. என் வீட்டுக்காரரின் பெரியப்பாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் குப்பண்ணன், எனக்கு மச்சாண்டார் முறை. இளையவர் அர்த்தநாரி. பெண் ஒருத்தி உண்டு, சுப்பாத்தாள். பொள்ளாச்சிப் பக்கம் கொடுத்துவிட்டார்கள், அவளுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் இருந்த நிலத்தைப் பெரியப்பா சாகுமுன்னே பிரித்தார். மேல்வயல் மூத்தவருக்கு, வாய்க்கால் போய் முடிகிற கீழ்வயல் இளையவருக்கு. கிணறும் டீசல் இஞ்சினும் பொது. தன் வயல் நனைந்ததும் மேலே இருக்கிறவன் இஞ்சினை நிறுத்திவிட்டால் கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? அதனால் ஒரு பேச்சு சொல்லிவிட்டுப் போனார்: கற்பூரம் காட்டி எடுத்த தண்ணீரைக் கடைமடை சேராமல் நிறுத்தக்கூடாது. குப்பண்ணன் மச்சாண்டார் ஒரு தடவைகூட அதை மீறவில்லை. இஞ்சினைப் பார்த்துக்கொள்வது மட்டும் அர்த்தநாரியின் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சு எடுபட்ட இடம் அது ஒன்றுதான்.

எழுபத்து நாலோ ஐந்தோ, மழை பொய்த்த வருஷம். இஞ்சின் வெள்ளைப் புகை விட்டது, எண்ணெய் மோர் மாதிரி வெளுத்தது. சூசையப்பன் மிஸ்திரி வந்து முழுக்கக் கழற்றினார். பிஸ்டன் ரிங்கு, சிலிண்டர் போர் எல்லாம் வேலை. எல்லாம் முடிந்து கேஸ்கட்டில் வந்து நின்றது. இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற செம்புத் தகடு அது.

"டூப்ளிகேட் பாலக்காட்டுலயே கிடைக்குது, இன்னிக்கே மாட்டிரலாம்" என்றார் மிஸ்திரி. "கம்பெனி சாமான் வேணும்னா கோயமுத்தூர் போகோணும்."

"நெல்லு பூவெடுக்கற நேரம். கிடைக்கறதை மாட்டுங்க" என்றார் குப்பண்ணன்.

"அண்ணா, போன தடவை வெச்சதும் டூப்ளிகேட்தானுங்களே. அது போய்த்தான இத்தனை வேலை வந்துது? எல்லாத்தையும் புதுசாப் பண்ணீட்டு மறுபடி அதையே வெக்கறதுங்களா?"

"நீ கோயமுத்தூர் போறது கேஸ்கட்டுக்கா, அங்க ஓட்டல் தோசைக்காடா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

குப்பண்ணன் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "போய்ட்டு வா. நாள் தள்ளிப்போச்சுன்னா முதல்ல காயறது உன்னோட வயலுதான், பாத்துக்க. ஊட்டுல நெல்லு வேற இல்ல."

மறுநாள் அர்த்தநாரி திரும்பி வந்தார். தகடு வளையக்கூடாது என்று இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டி, வாளையார் வழியெல்லாம் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாராம். மிஸ்திரி மாட்டிக் கொடுத்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் வேறு வேலை என்று கிளம்பினார். "நல்லாச் சூடேறினதும் நிறுத்தி, ஆறவுட்டு, தலை நட்டெல்லாம் இன்னொருக்கா முறுக்கீரோணும். எந்தக் கேஸ்கட்டுன்னாலும் முறுக்கலீன்னா நிக்காது" என்று ஸ்பானரை அர்த்தநாரி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கற்பூரம் காட்டினார்கள். இஞ்சின் பிடித்தது, தண்ணீர் வந்தது. மேல்வயல் நனைந்து வாய்க்கால் கீழே திரும்பிய நேரத்தில் அர்த்தநாரி இஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணா, நிறுத்தி நட்டை முறுக்கோணுங்க."

"என்னோடது நனைஞ்சுது, உன்னோடது நனையல. இப்ப நிறுத்துனா அப்பன் பேச்சு என்னாவறது? கடமடை சேரட்டும், அப்பறம் முறுக்கு."

"மிஸ்திரி சொல்லீட்டுப் போயிருக்காருங்க."

"மிஸ்திரிக்கு நம்ம அப்பனைத் தெரியுமாடா?"

அண்ணன் கேட்பது தன் வயலுக்காக அல்ல, தம்பி வயலுக்காக. அர்த்தநாரி ஸ்பானரைக் கீழே வைத்தார். தண்ணீர் கீழ்வயல் வரப்பைத் தொடுவதற்குள் சீறலோடு புகை வெள்ளையாக வந்து இஞ்சின் நின்றுபோனது.

மிஸ்திரி கையோடு கிடைக்கவில்லை. அவர் வருவதற்குள் கீழ்வயல் கதிர் வெளுத்துவிட்டது. கடைவீதியில் அர்த்தநாரியைக் கண்டாலே, "ஏனுங்க, கோயமுத்தூர்க் கேஸ்கட்டு சுகந்தானுங்களா?" என்று கேட்டார்கள். தலையைக் கழற்றிப் பார்த்த சூசையப்பன் நிமிர்ந்து, "நட்டை மறுபடி முறுக்குனீங்களா?" என்றார். குப்பண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"மறந்துட்டனுங்க" என்றார் அர்த்தநாரி.

மிஸ்திரி திட்டித் தீர்த்தார். குப்பண்ணன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று நான் முறம் வாங்க அர்த்தநாரி வீட்டுக்குப் போயிருந்தேன். செல்லாத்தாள், அவர் பெண்சாதி, அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். "நெசத்தைச் சொன்னா என்னங்க? ஊரு சிரிக்குது."

"சொன்னா அண்ணன் நமக்குத் தண்ணி உடாம இருக்கப்போறதில்ல. ஆனா உடறப்பெல்லாம் அந்த நெனப்போட உடுவாரு. வேண்டாம் புள்ள."

இந்தத் தடவை காத்திருக்க நேரமில்லை, பாலக்காட்டு டூப்ளிகேட்டையே மாட்டினார்கள். தண்ணீர் மேல்வயலில் பாதிகூடப் போகவில்லை. குப்பண்ணனே ஓடி வந்து, "நிறுத்துடா, முறுக்கு" என்றார். முறுக்கினார்கள். அந்தக் கேஸ்கட் வருஷக்கணக்கில் ஓடியது. கம்பெனி சாமானைவிட டூப்ளிகேட்தான் கெட்டி என்று ஊரே பேசியது. அண்ணனும் தம்பியும் மறுக்கவில்லை.

கீழ்வயல் அந்தப் போகம் பதராகப் போனது. மேல்வயல் நெற்கட்டுகளில் பாதியைக் குப்பண்ணன் தம்பி களத்தில் இறக்கச் சொன்னார். வேண்டாம் என்றாள் செல்லாத்தாள். அர்த்தநாரி வாங்கிக்கொண்டார். அடுத்த கோடையில் குப்பண்ணன் மேல்வயலைத் தொடாமல் வரப்போரமாகக் கீழ்வயலுக்குப் புது வாய்க்கால் வெட்டினார். அன்றிலிருந்து முதல் தண்ணீர் கீழ்வயலுக்குத்தான்.

குப்பண்ணன் மச்சாண்டார் காலமாகிவிட்டார். கிணற்றில் இப்போது கரண்டு மோட்டார். அர்த்தநாரி எலப்புள்ளியில், கீழ்வயல் ஓரத்து வீட்டில், செல்லாத்தாளோடு இருக்கிறார்.