கைச்சூட்டில் வளர்ந்த பிஸ்டன்

என் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் கொட்டகையில் கிடந்ததை வாங்கி, ஒரு பட்டறையில் இன்ஜின் வேலைக்கு விட்டேன். வேலை முடிந்து மூன்று மாதம்கூட ஓடவில்லை. நீலப்புகை கக்கியது. சிலிண்டர்களின் உள்சுவரைச் சரியான அளவுக்குக் கடையவில்லை என்று தெரிந்தபோது விற்றுவிடலாம் என்றே நினைத்தேன்.

என் மனைவி விடவில்லை. தன் தேவாலயத்துக்கு வரும் ஒரு பெண் குளுவாங் நகரில் இன்ஜின் பாகங்களைக் கடைந்து தரும் மெஷின் ஷாப் நடத்துவதாகச் சொன்னாள். அரைமனதோடு இன்ஜின் பிளாக்கை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சிங்கப்பூரில் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து, எண்களைச் சுண்ணக்கட்டியால் பிளாக்கின் மேலேயே எழுதினார். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. சரிசெய்யலாம், ஆனால் பிஸ்டனின் அளவுக்குத்தான் சிலிண்டரை வெட்டவேண்டும், புதுப் பிஸ்டன்கள் வந்தபிறகுதான் மெஷினில் ஏற்றுவேன் என்றார்.

ஐந்து வாரம் கழித்து, நான் சொல்லிவைத்த பிஸ்டன்கள் வந்தன. மத்தியான வெயிலில் கொண்டுபோனேன். அன்றே வேலையைத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவரோ அவற்றைக் குளிரூட்டிய அறையில் பிளாக்கின் பக்கத்தில் அடுக்கிவிட்டு, மறுநாள் வரச் சொன்னார். எனக்குக் கோபம். லாரி ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான், இரும்பும் அலுமினியமும் எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் நான் போனதும், குளிர்ந்திருந்த ஒரு பிஸ்டனை என் முன்னாலேயே அளந்து, அளவைக் காட்டி, என் கையில் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் பொத்தி வச்சிருங்கண்ணே."

வைத்திருந்தேன். வாங்கி மறுபடி அளந்தார். முதலில் பார்த்த எண் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தது.

"ஒங்க கை சூடுதான். இதுக்கே இப்படி வளருதுன்னா, நேத்து வெயில்ல வந்தத அளந்து எப்படி வெட்டுறது?"

இத்தனை வருடம் உலோகத்தோடு பழகியும், அது என் தொடுகைக்கு அசையும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று முழுவதும் அங்கேயே நின்றேன். பிளாக்கின் மேல் தடித்த எஃகுத் தகடு ஒன்றை முடுக்கினார். இன்ஜினைப் பூட்டி மேல்மூடியை இறுக்கும்போது சிலிண்டர் கொஞ்சம் நெளியுமாம்; இந்தத் தகடு இப்போதே அதை அப்படி நெளிய வைக்குமாம். அந்த நெளிவோடு தேய்த்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும் என்றார். நான்கு பிஸ்டனுக்கும் தனித்தனி எண் போட்டு, அததற்கென்றே ஒரு சிலிண்டரைத் தேய்த்தார். முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரெங்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள், மெஷினில் நெய்த துணி மாதிரி.

இன்ஜினை நானே பூட்டினேன். சாவியை இரண்டாவது முறை திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மனைவியை ஏற்றிக்கொண்டு கடலோரத்துப் பொந்தியான்வரை போனோம். பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இழை புகை இல்லை.

அடுத்த வாரம் காரை அவரிடம் காட்டப் போனோம். முன்மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்து, ஓடும் இன்ஜினின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டர்வரை விரட்டாமல் ஓட்டுங்கள் என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாருடைய பிளாக்கோ மேசைமேல் காத்திருந்தது.