மேல்வீட்டுக்காரரின் கனடா வீரன்

பஹ்ரைனின் ஈசா டவுனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எங்களுக்கு நேர் மேலே ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருந்தது. அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுபவர். மனைவி நர்ஸ். மகள் நான் ஆங்கிலம் நடத்திய இந்தியப் பள்ளியிலேயே படித்தாள். ஆனாலும் லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. நான் தூத்துக்குடிக்காரி, அவர்கள் பேசுகிற தமிழ் எனக்குப் பாதி புரியாதோ என்ற தயக்கமும் இருந்தது.

ஓர் ஆகஸ்ட் மாதம், பகல் நேரத்தில், அவர்கள் வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி எங்கள் பால்கனியில் காயப்போட்டிருந்த துணி முழுக்க நனைந்துவிட்டது. துணியை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, நான்கு வார்த்தை கேட்டே தீருவது என்று மாடி ஏறினேன்.

கதவு திறந்து கிடந்தது. ஏசித் தண்ணீர் உள்ளேயும் ஒழுகியிருந்தது. ஹாலில் தரை தெரியவில்லை. துண்டுகளும் படுக்கை விரிப்புகளும் விரித்து, அவற்றின் மேல் வரிசையாகப் படக்கதைப் புத்தகங்கள். நடுவில் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, மனைவியின் தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஒரு புத்தகத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். மனைவி சோஃபாவில் கைகட்டி உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க ஏசி தண்ணி பூரா எங்க பால்கனியிலதான் கொட்டுது" என்றேன்.

"தெரியும் ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஏசி திருத்திற பாயைக் கூப்பிட்டிருக்கிறன், வாறானாம்" என்றார், நிமிராமலே. பிறகு, "கொஞ்சம் இந்தப் பக்கத்தைப் பிடிக்கிறியளே? காயிற நேரம் ஒட்டினா கிழிஞ்சுபோடும்."

சண்டை போட வந்தவள் ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஈரத்தாளின் ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். அதில் சிவப்பும் வெள்ளையுமாக உடை போட்ட ஒருவன் பனியில் ஓடிக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒரு மேப்பிள் இலை.

"கனடாவின்ர ஆள்" என்றார் அவர். "அவையளுக்கெண்டு இருக்கிற ஹீரோ."

"உங்களுக்கெண்டு இருக்கிற ஹீரோ எண்டு சொல்லுங்கோ" என்றார் மனைவி சோஃபாவிலிருந்து. "அங்க ஆருக்கும் இவனைத் தெரியாது. என்ர அண்ணா கனடாவில இருக்கிறார். கேட்டனான். ஆரது எண்டார்."

அன்று நான் துணியை மறந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அதற்குள் அந்த வீரனின் பாதிக் கதையைக் கேட்டிருந்தேன். மீதியை அடுத்து வந்த மாதங்களில் கேட்டேன்.

அவனுடைய சாகசங்களைவிட அவன் அச்சில் வந்த கதைதான் மேல்வீட்டு அண்ணனுக்குப் பெரிது. எழுபதுகளின் நடுவில் கனடாவில் ஓர் இளைஞர், நம் நாட்டுக்கென்று ஒரு வீரன் இல்லையே என்று நினைத்து, பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் தானே வரைந்து தானே அச்சடித்து வெளியிட்டாராம். பக்கத்திலேயே அமெரிக்கா. அங்கிருந்து வண்டி வண்டியாக வந்து குவியும் படக்கதைகளுக்கு நடுவே இந்தப் புத்தகத்துக்குக் கடைகளில் இடம் கிடைப்பதே பாடு. கொஞ்ச இதழ்களோடு நின்றுபோனது. சில வருடம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்ப நின்றது. தொண்ணூறுகளில் மறுபடியும் ஒருமுறை, அதற்குப் பிறகும் வேறு வேறு கைகளில். நடுவில், புத்தகமே வராத ஒரு காலத்தில், அவன் படம் போட்டு அந்த நாட்டில் தபால்தலைகூட வெளியிட்டார்களாம். புதிதாக ஆரம்பிக்கும்போது சில தடவை முகமூடிக்குள் இருக்கும் ஆளையே மாற்றிவிட்டார்கள். பெயர் வேறு, பிழைப்பு வேறு.

"ஆளே வேறயின்னா அப்புறம் எப்படிண்ணே அதே வீரன்?" என்று கேட்டேன்.

அவர் அட்டையிலிருந்த சிவப்பு வெள்ளை உடையைத் தொட்டுக் காட்டினார். "சட்டை ஒண்டுதானே ரீச்சர்."

அந்தப் பதில் எனக்குப் பல நாள் உள்ளேயே கிடந்தது. பஹ்ரைன் தேசிய தினத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சிவப்பும் வெள்ளையும் போட்டு வருவார்கள். இந்தியச் சுதந்திர தினத்துக்கு மூவண்ணம். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அவர்கள் மகள் இரண்டுக்கும் வரிசையில் நின்று, இரண்டு நாட்டுப் பாட்டையும் பிசகாமல் பாடுவாள். அவள் பிறந்தது இங்கே. இலங்கைக்கு லீவில் போய் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒருமுறை வகுப்பில் 'என் நாடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, "மிஸ், எந்த நாட்டைப் பத்தி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குறும்பு எதுவும் இல்லை அந்தக் கேள்வியில். நான்தான் தலைப்பை மாற்றிக் கொடுத்தேன்.

முதல் புத்தகம் எப்படிக் கையில் வந்தது என்று அவரிடம் கேட்டேன். அவருக்குப் பதினைந்து வயது. சண்டையில் ஊரைவிட்டு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்களோடு தங்கியிருந்த நேரம். கனடாவுக்குப் போய்விட்ட அவருடைய அண்ணன், கொழும்புக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கு மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்தப் போத்தல் உடையாமலிருக்க அதைச் சுற்றிக் கசக்கி வைத்திருந்தது இந்தப் படக்கதையை.

"அம்மா மருந்தை எடுத்தா. நான் கடதாசியை எடுத்தன்" என்று சிரித்தார். "எழுத்துக் கூட்டி வாசிச்சனான். எழுபதுகளில போட்ட புத்தகம், கதை நடக்கிறது வருங்காலத்தில. கனடாதான் உலகத்திலயே பலமான நாடு எண்டு போட்டிருக்கு. எந்த வருசத்தில எண்டு பாத்தா, நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில பாய் போட்டுப் படுத்திருக்கிற வருசம். அட, அப்ப இப்ப அங்க எல்லாம் அப்பிடித்தான் இருக்கு எண்டு நம்பிப்போட்டன்."

"ரொம்ப பலசாலியோ உங்க ஆளு?"

"அதுதான் விசேசம். சாதாரண மனிசனைவிட இரண்டு மடங்கு. அவ்வளவுதான். பறக்கமாட்டான், மலையைத் தூக்கமாட்டான். இரண்டு மடங்கு." இரண்டு விரலைக் காட்டினார். "அது நடக்கக்கூடிய கணக்கு ரீச்சர்."

கனடாவுக்குப் போவதற்கான முயற்சியில் அவர் ஏற்கெனவே சில வருடங்களாக இருந்தார். வளைகுடாவில் இது புதிதல்ல. எங்கள் கட்டடத்திலேயே தட்டினால் எந்தக் கதவுக்குள்ளும் ஒரு கனடா விண்ணப்பம் கிடக்கும். விண்ணப்பத்தில் வயதுக்கும் மதிப்பெண் உண்டு, வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும் என்பதால் அவர் வீட்டில் அவருடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆங்கிலப் பரீட்சையில் இன்னும் கொஞ்சம் அதிகம் வாங்கினால் அதை ஈடுகட்டலாம். வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து பயிற்சி எடுத்தார். பாடம் நடக்கும்போது என் கணவர் அடுப்படியில் தோசை ஊற்றுவார். மாடியிலிருந்து பாணும் சம்பலும் வரும்.

பேச்சுத் தேர்வில், 'நீங்கள் மதிக்கும் ஒருவர்' என்று ஒரு தலைப்பு வருவது வழக்கம். அவர் படக்கதை வீரனைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"அண்ணே, நிஜ மனுஷரா ஒருத்தரைச் சொல்லுங்க. உங்க அப்பாவைப் பத்திப் பேசுங்களேன்."

"அப்பாவைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு முன்னால கதைச்சா அழுதிடுவன் ரீச்சர். இவனெண்டா பிரச்சினையில்லை."

பரீட்சையில் அந்தத் தலைப்பே வரவில்லை. பேச்சில் நல்ல மதிப்பெண் வாங்கினார், எழுதுவதில் குறைந்துவிட்டது. கட்டுரையை முடிக்க நேரம் போதவில்லையாம். அடுத்த தடவையும் எழுத்துதான் காலை வாரியது. அதற்குள் இன்னொரு பிறந்தநாள் வந்து போனது. முடிவைச் சொல்ல மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "கலாஸ், ரீச்சர்" என்றார். முடிந்தது என்பதற்கு அரபியில் அந்த ஒரு வார்த்தை போதும்.

அவருக்குப் பின்னால் நின்ற மனைவி பேசினார்.

"நான் எழுதுறன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னத்தை?"

"சோதினையை. எனக்கு உங்களைவிட எவ்வளவோ வயசு குறைவு. அங்க நர்சுக்கு ஆள் தேவையாம். நாள் முழுக்க டியூட்டியில டொக்டரோட இங்கிலீசிலதானே கதைக்கிறன்."

"உனக்குக் கனடாவே பிடிக்காதே! குளிரெண்டு சொல்லுவாய்!"

"இப்பவும் பிடிக்காதுதான். பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சா எங்க போறது? உங்கட வேலை போனா நாளைக்கு எங்க போறது? உங்கட பொம்மைப் புத்தகத்துக்காக இல்லை, விளங்குதே?"

நானும் சரி, என் கணவரும் சரி, இத்தனை நாளில் அந்த அக்காவைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விண்ணப்பம் என்றால் அண்ணனுடையது, கனவென்றால் அண்ணனுடையது. அக்கா இரவு டியூட்டி முடித்து வந்து நின்றுகொண்டே தேநீர் குடித்துவிட்டுப் போய்த் தூங்குவார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பயிற்சிக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே 'நீங்கள் மதிக்கும் ஒருவர்' என்ற தலைப்புக்குத் தன் வார்டின் பிலிப்பைன்ஸ் தலைமை நர்சைப் பற்றி மளமளவென்று பேசினார். ஒரே தடவையில் தேறினார். மனைவியை முதல் ஆளாகவும் அண்ணனைத் துணையாகவும் வைத்து விண்ணப்பம் போனது. குடியேற்ற அனுமதி வந்தும் விட்டது.

அண்ணன் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இப்ப என்ர கஃபீல் இவதான்!" இங்கே நமக்கு விசா தந்து நம்மைப் பொறுப்பேற்கும் முதலாளிதான் கஃபீல். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பில் கொஞ்சம் வலியும் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. மனைவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

சாமான் கட்டும்போது பெட்டியின் எடை பெரிய பிரச்சினையானது. அண்ணன் படக்கதைகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கனடாவில இருந்து வந்ததைக் கனடாவுக்கே காவிக்கொண்டு போறதே? நீங்கள் வச்சிருங்கோ. பள்ளிக்கூட லைப்ரரிக்கு வேணுமெண்டாலும் குடுங்கோ."

வாங்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை மனைவி இறங்கி வந்தார்.

"ரீச்சர், அந்தப் பெட்டியைத் தாங்கோ."

"அண்ணன்தான் வேண்டாம்னாரே அக்கா."

"அவர் சொல்லுவார். அங்க போன உடன இவருக்கு வேலை கிடைக்காது. நான் வேலைக்குப் போயிடுவன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும். பனிக்குள்ள தனிய இருந்து யோசிச்சுக் கொண்டிருப்பார். கையில ஏதாவது இருக்கோணும்." பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பிரஷர் குக்கரை எடுத்து வெளியில வச்சிட்டன். உங்களுக்கு வேணுமே?" என்றார்.

அந்தக் குக்கரில்தான் இன்றைக்கும் சாதம் வைக்கிறேன்.

அக்கா சொன்னபடியேதான் ஆனது. முதல் குளிர்காலம் அண்ணனுக்கு மோசமாகப் போனது. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. ஆட்டோகேடில் வரைந்த கைக்கு உறை மாட்டியே நாள் போகிறது என்று போனில் சொன்னார். ஒரு லீவு நாளில் இரண்டு பஸ் மாறிப் படக்கதைக் கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். அமெரிக்க வீரர்கள் சுவர் முழுக்க. இவருடைய ஆள் ஒரு மூலைப் பெட்டியில், பழைய இதழ்களோடு இதழாக.

"கவலையா இருந்துச்சாண்ணே?"

"முதல்ல இருந்தது. பிறகு, கடைக்காரன் சொன்னான், திரும்பவும் ஆரோ கொண்டுவரப் போறதாக் கதை இருக்காம். வந்தா அறிவிக்கச் சொல்லிப் பேரைக் குடுத்திட்டு வந்தனான். நாலைஞ்சு தரம் நிண்டுபோன புத்தகத்தைத் திரும்பவும் போடுறதுக்கு ஒருத்தன் இருக்கிறானே, அந்த விசரனைத்தான் எனக்குப் பிடிக்கும் ரீச்சர்."

நாட்டுப்பற்று என்ற சொல்லை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். கொடி, பாட்டு, எல்லை, வீரம் என்றுதான் அந்தப் பாடம் போகும். லாபமில்லாத ஒரு புத்தகத்தை யாரோ சிலர் மாறி மாறி எடுத்து நடத்துவதையும் அந்தச் சொல்லுக்குள் வைக்கலாம் என்று அண்ணனால்தான் எனக்குத் தோன்றியது.

மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே ஒரு கிழவர் யாரோடும் பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். எதையாவது காட்டிப் பார்ப்போம் என்று ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு படக்கதையை எடுத்துப்போயிருக்கிறார். கிழவர் அட்டையைப் பார்த்ததும், "என் மகன் இதை வாங்குவான்" என்றாராம். பிறகு தினமும் அவருக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"இத்தனை வருசத்தில இப்பதான் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாத்தனான் ரீச்சர்" என்றார் என்னிடம். "நல்ல பெடியன்தான். ஆனா பாருங்கோ, கதை முழுக்க நாட்டைக் காப்பாத்துறான், ஒருநாளாவது வீட்டில இருந்து சாப்பிடுறானே? நானும் தேடிப் பாத்தன், இல்லை."

பின்னால், சமையலறை அலமாரி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அண்ணனுக்கு வரைகிற வேலை கிடைத்தது. பாலமும் கட்டடமும் வரைந்தவர் இப்போது இழுப்பறை வரைகிறார். அதில் சந்தோஷமாகவே இருப்பதாகச் சொல்கிறார். போன வருடம் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. விழாவுக்கு மேப்பிள் இலை போட்ட பனியனோடு கிளம்பியவரை மனைவி தடுத்துச் சட்டை மாட்டி டை கட்டிக் கூட்டிப்போயிருக்கிறார்.

அன்று அண்ணன் எனக்கு வீடியோவில் கூப்பிட்டார். முகத்தைக் காட்டிவிட்டு, சான்றிதழைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மகள் போனை வாங்கிச் சிரித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

"நாட்டுப் பாட்டுப் பாடேக்க இவர் வாயை மட்டும் அசைச்சவர் ரீச்சர், சொல் தெரியாது" என்றார் மனைவி. "பிள்ளைதான் சத்தமாப் பாடினது. சரி, நில்லுங்கோ, புட்டு அவியுது. இறக்கிப்போட்டு வாறன்."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரையில் அவர்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. நான் காத்திருந்தேன்.