கரண்டியக்காவின் மூன்றாவது தட்டல்

அடைக்கலம் தேடி வந்த ஊரில் முதன்முதலாக என்ன வாங்கினாய் என்று கேட்டால் கம்பளி, செருப்பு, போன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவள் வாங்கியது ஒரு கரண்டி. அதையாவது சும்மா வாங்கினாளா? பாத்திரக்கடையில் ஒரு பானையை எடுத்து வைத்துக்கொண்டு இருபது கரண்டிகளால் அதன் விளிம்பில் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஓட்டை ஏதாவது இருக்கான்னு பாக்குறீங்களாம்மா?"

"இல்லைங்க, சத்தம் பாக்குறேன்."

மனுஷர் அடுத்த கரண்டியை எடுத்து நீட்டினார். கூடப் போயிருந்த பக்கத்து அறைக்காரி இதை விடுதி முழுக்கப் பரப்பிவிட்டாள். கரண்டியக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. எட்டு மணி நேரம் வெள்ளை விரிப்புகளை மடிக்க வேண்டும். இயந்திர இரைச்சலில் பேசினாலும் கேட்காது. அறைக்குத் திரும்பினால் பேசவே ஆள் கிடையாது. ஒற்றைக் கட்டில், ஒற்றை அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். சில நாள் சோப்பு உறையில் எழுதியிருப்பதைச் சத்தம் போட்டுப் படிப்பாள், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. அவ்வளவு தனிமை.

சொந்தமென்று மிச்சம் ஒரு தம்பி. அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுதான் கேள்வி. ஆறு வருடத்துக்கு முன் எல்லையில் ஆண்களை ஒரு லாரியிலும் பெண்களை ஒரு லாரியிலும் ஏற்றினார்கள். அவன் ஏறிய லாரி எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. படியேறாத அலுவலகம் இல்லை. 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்ற ஒரே பதிலை விதவிதமான ஆட்கள் சொன்னார்கள்.

ஊர் மன்றத்தில் வாராவாரம் அகதிகள் முறைவைத்துச் சமைப்பார்கள். ஊர்க்காரர்களும் வந்து சாப்பிடுவார்கள். பந்திக்கு முன்னால், அன்று சமைத்தவரைப் பற்றி ஐந்து நிமிடப் படம் ஒன்று திரையில் ஓடும். எடுப்பவள் சுறுசுறுப்பான ஒரு பெண். எல்லோருக்கும் அவள் படக்காரப் பொண்ணு. இந்தப் படங்கள் இதேபோல் மன்றம் வைத்திருக்கும் மற்ற ஊர்களுக்கும் போகும் என்று தெரிந்த பிறகுதான் கரண்டியக்கா தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"வந்த கதையைச் சொல்லுங்கக்கா. யாரையெல்லாம் விட்டுட்டு வந்தீங்க?"

"குழம்பு வைக்கிறதைச் சொல்றேன். அழுது காட்டுறதுக்கு வேற ஆளைப் பாரு."

முன்பே இரண்டு பத்திரிகைக்காரர்கள் அவள் கண்ணீரைப் படம்பிடித்துக்கொண்டு போனவர்கள்தான். திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு. முகத்தைக் காட்டவும் கூடாது, பெயரும் கூடாது. விட்டு ஓடிவந்த இடத்தில் இன்னும் கறுவிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. ஆகவே கைகளை மட்டும் எடுத்தார்கள். பருப்பைக் கடைந்தாள், கீரையைப் போட்டாள், இறக்கினாள். கடைசியில் கரண்டியால் பானை விளிம்பில் இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று.

அவள் வீட்டில் இரண்டு தட்டினால், சாப்பாடு தயார், கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று பொருள். எல்லோரும் எழுந்துவிடுவார்கள். தம்பி மட்டும் பெரிய துரை, படுத்த இடத்திலிருந்து அசையமாட்டார். அவருக்கென்று மூன்றாவதாக ஒன்று தனியே தட்ட வேண்டும். அந்த ஓசைக்காகத்தான் இருபது கரண்டி.

படம் மன்றத்தில் ஓடிய அன்று கரண்டியக்கா சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். பருப்பு வந்தது, கீரை வந்தது, கரண்டியும் விளிம்பில் பட்டது. சத்தத்தைக் காணோம். அந்த இடத்தில் யாரோ உருக்கமாக வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் நேரே படக்காரப் பொண்ணிடம் போனாள்.

"நான் தட்டின சத்தம் எங்கே?"

"அதுவாக்கா? ரொம்பக் காதைக் குத்துச்சு. எடுத்துட்டு நல்ல மியூசிக்கா போட்டுட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள். யாரைத் திட்டுவது? வாயை மூடிக்கொண்டு இருந்தது தான்தானே. பந்தி முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிய பிறகு அந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தம்பியைப் பற்றியும் வீட்டில் தட்டிக் கூப்பிடுவது பற்றியும் சொன்னாள். படிவத்துக்கோ பத்திரிகைக்கோ எழுதிக்கொள்ளாத ஒருத்தியிடம் அவள் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொண்டே அழுதாள். படக்காரப் பொண்ணு கேமரா பையைத் தொடவில்லை. மூன்றாவது தட்டல் யாருக்கு என்பதை மட்டும் கரண்டியக்கா தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

வயலின் போனது, தட்டல் திரும்பி வந்தது, படம் ஊர் ஊராகப் புறப்பட்டது. "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று வாராவாரம் கேட்பாள். "இல்லக்கா" என்பாள் அவள். எட்டு மாதம் போயிற்று. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். விரிப்புகளை மடித்தாள், சோப்பு உறையைப் படித்தாள்.

ஒரு மத்தியானம் சலவைக்கூட வாசலில் படக்காரப் பொண்ணு மூச்சிரைக்க வந்து நின்றாள். காதில் போன்.

"அக்கா, வேற ஒரு ஊர்ல இப்பதான் நம்ம படம் ஓடிச்சாம். முடியுற நேரத்துல ஒருத்தர் எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு வந்து நிக்கிறாராம். இன்னும் பந்தியே போடலைங்கன்னு சொன்னா, யார் சமைச்சதுன்னு கேக்குறாராம். பேரைக் கேட்டா சொல்லமாட்டேங்குறாராம். பேசுறீங்களா?"

கரண்டியக்கா போனை வாங்கவில்லை. ஆறு வருடத்தில் இப்படி எத்தனை ஆசைகள் வந்து ஏமாற்றிவிட்டுப் போயிருக்கின்றன. இன்னொன்றைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

"எத்தனாவது தட்டுக்கு எழுந்தாருன்னு கேளு."

"என்னக்கா?"

"கேளு, சொல்றேன்."

அந்தப் பெண் கேட்டாள். மறுமுனையில் யார் யாரையோ விசாரித்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கரண்டியக்கா கையிலிருந்த விரிப்பைக் கசக்கியபடி நின்றாள்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களாம். ரெண்டுக்கும் சும்மாதான் உக்காந்திருந்தாராம். மூணாவதுக்குத்தான் எழுந்தாராம்."

விரிப்பு தரையில் விழுந்தது. அவள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"டேய் சோம்பேறி" என்றாள்.